மாணவரை யார் பார்க்கிறார்கள்?



இந்த மேடையில் பேச எனக்கு 'மாணவரை மையமாகக் கொண்ட மருத்துவப் பாடம்' என்ற தலைப்பைக் கொடுத்திருக்கிறார்கள். இதை மறுத்துப் பேச ஆள் கிடைக்காது. எந்தக் கல்லூரி முதல்வரைக் கேட்டாலும் எங்களிடம் மாணவரே மையம் என்பார். ஆய்வுக்கு வருபவர்களிடம் காட்ட அதற்கென்று ஒரு கோப்பும் வைத்திருப்பார். அதனால் அந்தச் சொல்லை விட்டுவிட்டு ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நாலரை ஆண்டுப் படிப்பை முடித்த ஒரு மாணவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்: "நீ ஒரு நோயாளியிடம் பேசி, அவரைப் பரிசோதிப்பதை ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் பக்கத்தில் நின்று பார்த்த ஆசிரியர் யார்? பார்த்துவிட்டு உன்னிடம் என்ன சொன்னார்?"

பதில் சட்டென்று வராது. பலருக்கு வரவே வராது.

நம் வார்டுகளில் நடப்பதைச் சொல்கிறேன். காலையில் மாணவர் தனியாகப் போய் ஒரு நோயாளியைப் பார்க்கிறார். ஒன்பதரை மணிக்கு யூனிட் சீஃப் வருகிறார். படுக்கையைச் சுற்றி இருபது இருபத்தைந்து பேர். ஒருவர் கேஸ் பிரசன்ட் செய்கிறார். சீஃப் கேள்வி கேட்கிறார், கடிந்துகொள்கிறார், அருமையாக விளக்கவும் செய்கிறார். இதில் ஆசிரியர் கேட்டது மாணவர் சொன்ன அறிக்கையை. மாணவர் செய்த பரிசோதனையை அவர் பார்க்கவில்லை. ஹவுஸ் சர்ஜன் கேஸ் ஷீட்டில் எழுதியதைப் பார்த்து "மண்ணீரல் இரண்டு சென்டிமீட்டர் தட்டுப்படுகிறது" என்று ஒப்பிக்கும் மாணவரும், கையால் தொட்டு உணர்ந்து அதையே சொல்லும் மாணவரும் ஒரே மதிப்பெண் வாங்கிப் போகிறார்கள். மிருதங்கம் சொல்லிக் கொடுப்பவர், பையன் வாசிப்பதைக் கேட்காமல் அவன் நோட்டில் எழுதிவந்த சொற்கட்டை மட்டும் படித்துவிட்டு அரங்கேற்றத்துக்குத் தேதி குறிப்பாரா?

என் பேச்சு முழுவதும் இந்த ஒன்றைப் பற்றித்தான். மாணவர் மையம் என்றால் மாணவரை அவர் போக்கில் விட்டுவிடுவது என்று நம்மில் பலர் எடுத்துக்கொண்டிருக்கிறோம். அவரை நெருங்கி நின்று பார்ப்பது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். முதலாவதில் ஆசிரியரின் வேலை குறையும், இரண்டாவதில் கூடும். இரண்டாவது ஏன் பரவவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

கொஞ்சம் வரலாறு பார்ப்போம். கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் ஹாமில்டன் என்று ஓர் இரும்பாலை நகரம். அங்குள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1965 இல் ஜான் எவன்ஸ் என்ற இளம் இதயநோய் மருத்துவரை அழைத்து, புதிதாக ஒரு மருத்துவக் கல்லூரி தொடங்கச் சொன்னது. பழைய கட்டடத்துக்கு வெள்ளையடிக்கும் தொல்லை அவருக்கு இல்லை. வெற்றுத் தாளில் தொடங்கினார். 1969 இல் முதல் அணியாக 20 மாணவர்கள் சேர்ந்தார்கள். உடற்கூறியலுக்கு இத்தனை மணி, உடலியங்கியலுக்கு இத்தனை மணி என்ற பாகப்பிரிவினை அங்கே இல்லை. சில மாணவர்களுக்கு ஒரு டியூட்டர். அவர்கள் முன்னால் ஒரு நோயாளியின் கதையை வைப்பார்கள். 'இவருக்கு ஏன் மூச்சு வாங்குகிறது? இதைப் புரிந்துகொள்ள நமக்கு என்ன தெரியும், என்ன தெரியாது?' என்று மாணவர்களே பட்டியல் போட்டு, தேடிப் படித்து, திரும்பி வந்து விவாதிப்பார்கள். படிப்பு மூன்றே ஆண்டு. நடிப்பு நோயாளிகளைக் கொண்டு மாணவர்களுக்குப் பயிற்சி தரும் முறையை 1960களின் தொடக்கத்திலேயே லாஸ் ஏஞ்சலீஸில் செய்துகாட்டிய நரம்பியல் மருத்துவர் ஹோவர்டு பாரோஸும் பிறகு மெக்மாஸ்டர் வந்து சேர்ந்தார். 1974 இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட், 1985 இல் ஹார்வர்டு என்று இந்த வழி பரவியது.

இந்தக் கதையை நம் கருத்தரங்குகளில் இதோடு நிறுத்திவிடுவார்கள். அடுத்த பகுதிதான் நமக்குப் பாடம். 1980களின் இறுதியில் மெக்மாஸ்டர் பட்டதாரிகள் கனடாவின் உரிமத் தேர்வில் தவறுவது கவலைப்படும் அளவுக்குப் போனது. பழைமைவாதிகளுக்குக் கொண்டாட்டம். 'அப்போதே சொன்னோமே, விரிவுரை இல்லாமல் படிப்பு ஏது?' மெக்மாஸ்டர் விரிவுரைக்குத் திரும்பவில்லை. மாஸ்ட்ரிக்ட்டில் நடந்துவந்த வளர்ச்சித் தேர்வு முறையை 1990களின் தொடக்கத்தில் எடுத்துக்கொண்டது. ஆண்டுக்கு மூன்று முறை, முதலாண்டு மாணவருக்கும் கடைசி ஆண்டு மாணவருக்கும் ஒரே தாள், படித்து முடிக்கும்போது ஒரு மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அளவிலான கேள்விகள். முதலாண்டில் கொஞ்சம்தான் பதில் தெரியும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தேர்ச்சி, தோல்வி என்ற கத்தி அதில் கிடையாது. தேர்வுக்குத் தேர்வு தன் அறிவு ஏறுகிறதா, எந்தப் பகுதியில் தேங்குகிறது என்பது மாணவருக்கும் டியூட்டருக்கும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு உரிமத் தேர்வில் தவறுபவர்கள் குறைந்தார்கள். மாணவருக்குச் சுதந்திரம் கொடுத்தால் மட்டும் போதாது, அவர் எங்கே நிற்கிறார் என்று யாராவது தொடர்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதை உலகத்தின் முன்னோடிக் கல்லூரியே பட்டுத் தெரிந்துகொண்டது.

மெக்மாஸ்டர் முதல் மாணவர்களைச் சேர்த்த அதே 1969 இல், காந்தி நூற்றாண்டில், நம் நாட்டிலும் ஒரு கல்லூரி பிறந்தது. மகாராஷ்டிரத்தின் சேவாகிராமில் டாக்டர் சுசீலா நய்யார் தொடங்கியது. அங்கே முதலாண்டு மாணவர்கள் ஒரு கிராமத்தில் முகாமிட்டுத் தங்குவார்கள், ஒவ்வொரு மாணவர் பொறுப்பிலும் சில குடும்பங்கள் இருக்கும். அணிக்கு ஒரு கிராமம், படிப்புக் காலம் முழுவதும் அந்த உறவு தொடரும். நம் பக்கத்தில் வேலூரில் ஐடா ஸ்கடர் 1918 இல் பெண்களுக்கென்று தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்த கல்லூரியும் மாணவர்களைத் தொடக்கத்திலேயே கிராமத்தில் தங்க வைக்கிறது. கனடாவிலிருந்து இறக்குமதி செய்தால்தான் மாணவர் மையம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இனி நம் பாடத்திட்ட விதிகளுக்கு வருவோம். 2019 இல் இந்திய மருத்துவக் கவுன்சில் புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. திறன்களை அடிப்படையாகக் கொண்டது, மூன்று தொகுதிகள். ஒவ்வொரு திறனுக்கும் பக்கத்தில் மாணவர் அதை அறிந்தால் போதுமா, எப்படி என்று சொல்லத் தெரிய வேண்டுமா, செய்து காட்ட வேண்டுமா, தாமே செய்ய வேண்டுமா என்று குறித்திருக்கிறார்கள். மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990 இல் வரைந்த திறன் மதிப்பீட்டுப் பிரமிடின் நான்கு படிகள் அவை. விரிவுரை மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. முதலாண்டிலேயே நோயாளியைப் பார்க்க வேண்டும். நடத்தை, அறநெறி, உரையாடல் ஆகியவற்றுக்குத் தனிப் பாடம். மாணவர் தாமே தேர்ந்தெடுக்கும் விருப்பப் பணிக்காலம். பிற்பாடு, கவுன்சிலின் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையம் குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தையும் சேர்த்தது. சேவாகிராம் பல ஆண்டுகளாகச் செய்துவந்தது நாடு முழுவதற்கும் விதியானது.

தாளில் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. குறை, மாணவர் செய்த செய்முறைகளைப் பதியும் லாக் புக்கில் இருக்கிறது. செய்முறை ஒவ்வொன்றையும் மாணவர் செய்ததைப் பார்த்து ஆசிரியர் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. வார்டுப் பயிற்சிக்கான போஸ்டிங் முடிகிற அன்று மாலை துறை அலுவலகத்தில் லாக் புக்குகள் குவியலாக வந்து இறங்கும். ஒரே பேனா, ஒரே தேதி, ஒரே மூச்சில் கையெழுத்து. அதைப் போட்டவரை நான் திட்டவில்லை. ஓ.பி., வார்டு, அறுவை அரங்கு, மாவட்டக் கூட்டம், இடமாற்ற உத்தரவு எல்லாவற்றுக்கும் இடையில் அவர் போடுகிறார். ஆனால் அந்தக் கையெழுத்து 'நான் பார்த்தேன்' என்கிறது. பார்க்கவில்லை.

சரி, நல்ல பாடம் எப்படி இருக்கும்? ஒன்றை இந்த மேடையிலேயே கட்டிப் பார்ப்போம். காய்ச்சலை எடுத்துக்கொள்கிறேன். இப்போது நாம் காய்ச்சலைத் துண்டுதுண்டாகச் சொல்லிக் கொடுக்கிறோம். கிருமி நுண்ணுயிரியலில், தட்டணு நோயியலில், மருந்து மருந்தியலில், கொசு சமுதாய மருத்துவத்தில், நோயாளி மட்டும் எங்கேயோ பொது மருத்துவத்தில், ஒன்றரை ஆண்டு கழித்து. இவற்றை ஒட்டிச் சேர்க்கும் வேலையை மாணவர் தலையில் விட்டுவிட்டோம்.

முடிவிலிருந்து தொடங்குவோம். மழைக்காலம். படிப்பு முடித்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்து ஒரு மாதம் ஆன மருத்துவர். நாற்பது வயது விவசாயக் கூலிப் பெண் ஒருவர் ஆறு நாள் காய்ச்சலோடு வருகிறார். இந்த மருத்துவர் என்ன செய்ய வேண்டும்? எத்தனை நாள், வாந்தி உண்டா, வயிற்று வலி உண்டா, எங்காவது ரத்தம் கசிந்ததா, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார் என்று கேட்க வேண்டும். நாடி, ரத்த அழுத்தம், கை கால் குளிர்ச்சி பார்க்க வேண்டும். அடுத்து, ஒரு பெண் பணியாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மறைப்புப் போட்டு, அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடிப்பக்கம் எல்லாம் பார்க்க வேண்டும். ஏனென்றால் ஸ்கரப் டைபஸ் என்ற காய்ச்சலில் நுண்ணிய பூச்சியின் இளம்புழு கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கலாம். வலிக்காது, அரிக்காது. நோயாளிக்கே தெரியாது. கேட்டால் 'ஒண்ணும் இல்லீங்க' என்பார். பார்த்தால்தான் உண்டு.

இந்தக் காய்ச்சலை உண்டாக்கும் கிருமியின் வாயில் நுழையாத பெயரை நம் மாணவர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அதற்கான பழைய ரத்தப் பரிசோதனையின் பெயரையும் சொல்வார். நோயாளியின் மேலாடையை விலக்கிப் பார்த்திருக்க மாட்டார். சில ரூபாய் டாக்சிசைக்ளின் மாத்திரையில் குணமாகக்கூடிய நோய், சிகிச்சை தாமதமானால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டு உயிர் போகலாம்.

டெங்குவும் அப்படித்தான். காய்ச்சல் விடும் நேரத்தில்தான் ஆபத்து தொடங்கும், ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிவது அப்போதுதான் என்பது எல்லா மாணவருக்கும் தெரியும். ஆனால் பிள்ளைக்குச் சூடு தணிந்துவிட்டது என்று மகிழ்ந்து வீட்டுக்குக் கிளம்பும் தாயை நிறுத்தி, "அம்மா, இனி இரண்டு நாள்தான் கவனமாக இருக்கணும். வாந்தி நிக்கலைன்னாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ, வயிறு வலிச்சாலோ உடனே தூக்கிட்டு வாங்க" என்று அவருக்குப் புரியும்படி சொல்லத் தெரியுமா? நான் தேர்வாளராக இருந்தால் இதைத்தான் கேட்பேன்.

ஆக, முதலில் தேர்வை எழுதுங்கள். அந்தப் பெண்ணைப் போல ஒருவர், இந்தத் தாயைப் போல ஒருவர். அதற்குப் பிறகு அந்த இடத்துக்கு மாணவரைக் கொண்டுசேர்க்க என்ன தேவை என்று பின்னோக்கி வாருங்கள். இரண்டு வாரம் போதும். விரிவுரையை நான் வெறுப்பவன் இல்லை. ரத்தக்குழாய்க் கசிவை ஒரு நல்ல ஆசிரியர் கரும்பலகையில் அரை மணி நேரம் வரைந்து சொன்னால் அதற்கு ஈடு கிடையாது. அப்படி மூன்று விரிவுரை இருக்கட்டும். மற்ற நேரத்தில் மாணவர் தம் கையால் ரத்தப்பூச்சு போட்டு நுண்ணோக்கியில் பார்க்கட்டும். கொசு ஒழிப்புப் பணியாளரோடு ஒரு தெருவுக்குப் போய், மொட்டை மாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டையையும் மூடாத தொட்டியையும் பார்த்துவிட்டு வரட்டும். காய்ச்சல் ஓ.பி.யில் உட்கார்ந்து சில நோயாளிகளிடம் தாமே பேசட்டும். அதில் ஒருவரோடு பேசுவதை ஓர் ஆசிரியர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

இங்கே எழும் ஆட்சேபணை எனக்குத் தெரியும். "ஐயா, மெக்மாஸ்டரில் இருபது பேர். எங்களிடம் நூற்றைம்பது, சில கல்லூரிகளில் இருநூற்றைம்பது. எட்டுப் பேருக்கு ஒரு டியூட்டர் என்றால் பத்தொன்பது டியூட்டர் வேண்டும். எங்கே போவது?" நியாயமான ஆட்சேபணை. அதனால்தான் ஹாமில்டனின் சிறு குழு முறையை அப்படியே எடுத்துவந்த நம் கல்லூரிகளில், குழுவில் இரண்டு பேர் பேச ஆறு பேர் செல்போன் பார்க்கும் காட்சி நடக்கிறது. பெருங்கூட்டத்துக்கு வேறு வழி இருக்கிறது. லாரி மைக்கேல்சன் என்ற வணிகவியல் பேராசிரியர் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், வகுப்பு திடீரென்று பெருத்துவிட்ட நெருக்கடியில் உருவாக்கிய அணிக் கற்றல் முறை. மாணவர்கள் படித்துவிட்டு வருவார்கள். வந்ததும் தனித்தனியாக ஒரு சிறு தேர்வு. அதே தாளை உடனே அணியாக உட்கார்ந்து மறுபடி எழுதுவார்கள். 'பி' தான் சரி, இல்லை 'சி' தான் என்று அடித்துக்கொள்வார்கள். அந்தச் சண்டையில்தான் படிப்பு நடக்கிறது. பிறகு ஆசிரியர் எல்லா அணிக்கும் ஒரே நோயாளியைக் கொடுத்து, அட்மிட் செய்வீர்களா, வீட்டுக்கு அனுப்புவீர்களா என்று கேட்டு ஒரே நேரத்தில் அட்டையைத் தூக்கச் சொல்வார். கேலரி ஹாலில் ஓர் ஆசிரியர் நூற்றைம்பது பேரை வைத்துச் செய்யலாம். சத்தம் வெளியே கேட்கும். முதல்வர் எட்டிப் பார்த்தால் பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

படுக்கையருகே நின்று பார்ப்பதற்கு மட்டும் குறுக்கு வழி இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நூற்றைம்பது மாணவர், ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் இருபத்தைந்து மணி நேரம். பொது மருத்துவத் துறையில் பதினாறு ஆசிரியர் என்று வைத்துக்கொண்டால் ஒருவருக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. இரண்டு வாரத்தில் ஒன்றரை மணி நேரம்! அமெரிக்காவில் ஜான் நார்சினி குழுவினர் 1990களில் கொண்டுவந்த சிறு மருத்துவப் பரிசோதனை மதிப்பீடு இதே வகைதான். கொஞ்ச நேரம் பார், உடனே சொல், ஒரு தாளில் குறி. ஒரே ஒருமுறை பார்த்தால் அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் கலந்துவிடும் என்பதால் வேறு வேறு நோயாளிகளோடு, வேறு வேறு ஆசிரியர்கள் பல முறை பார்க்க வேண்டும் என்றும் அவர்கள் சொன்னார்கள். நம்மால் ஆண்டுக்கு நான்கு முறை முடிந்தால்கூட இப்போது இருப்பதைவிட மலையளவு மேல்.

பார்த்தபின் என்ன சொல்வது? மருத்துவர் ஜாக் எண்டே 1983 இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் இதைப் பற்றி எழுதிய கட்டுரையை இன்றும் ஆசிரியர்கள் படிக்க வேண்டும். மருத்துவக் கல்வியில் ஆசிரியர்கள் பார்த்ததை மாணவரிடம் சொல்வதில்லை, சொன்னால் புண்படுவார் என்று மழுப்பிவிடுகிறார்கள் என்பது அவர் கண்டது. நம் ஊரில் மழுப்பலும் உண்டு, அதன் எதிர்முனையான அவமானப்படுத்தலும் உண்டு. "பரவாயில்ல, நல்லா படி" என்பது ஒன்று. "உனக்கெல்லாம் யார் சீட் கொடுத்தது?" என்பது மற்றொன்று. இரண்டிலும் மாணவருக்குக் கிடைத்த தகவல் பூஜ்யம்.

ஓர் உதாரணம். ஒரு மாணவி மண்ணீரல் வீக்கம் உள்ள நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார். இடது விலாவுக்குக் கீழே நேராகக் கையை வைக்கிறார். எதுவும் தட்டுப்படவில்லை. "இல்லை சார்" என்கிறார். மண்ணீரல் வீங்கும்போது வலது அடிவயிற்றை நோக்கி இறங்கும். பெரிதாக வீங்கிய மண்ணீரலின் மேலேயே அவர் கை இருந்தது, விளிம்பு அதற்குக் கீழே இருந்தது. இதை கேஸ் பிரசன்டேஷனில் கண்டுபிடிக்கவே முடியாது. பக்கத்தில் நிற்பவருக்குத்தான் தெரியும். அவர் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "அம்மா, கையை ரொம்ப மேலே வெச்சுட்டே. வலது அடிவயிற்றிலிருந்து ஆரம்பி, அவர் மூச்சு இழுக்கும்போது விளிம்பு உன் விரலில் வந்து முட்டும். அழுத்தும்போது வயிற்றைப் பார்க்காதே, அவர் முகத்தைப் பார், வலிக்குதான்னு தெரியும். இப்ப மறுபடி செய்." அந்த 'மறுபடி செய்' முக்கியம். திருத்தம் அங்கேயே நடந்து முடிந்துவிடும்.

மாணவர் மையம் என்று பேசும்போது நோயாளி ஓரத்துக்குப் போய்விடக் கூடாது. இந்த அரங்கில் பொதுமக்களும் இருக்கிறீர்கள். அரசு மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் ஒருவர் வயிற்றில் ஒரே காலையில் இருபது கைகள் விழுவதற்கு எந்தப் பாடத்திட்டமும் அனுமதி தரவில்லை. கேட்டுவிட்டுத் தொட வேண்டும். முடியாது என்றால் நன்றி சொல்லி நகர வேண்டும். ஆளைக் குறைத்து, ஒருவர் செய்ய ஒருவர் பார்ப்பது நோயாளிக்கும் நல்லது.

மாணவர் மாணவர் என்கிறோமே, யார் அந்த மாணவர்? பாடம் வடிவமைப்பவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். 2020 இல் தமிழ்நாடு அரசு, அரசுப் பள்ளிகளில் படித்து நீட் தேர்வில் தகுதி பெற்றவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கொடுத்துச் சட்டம் இயற்றியது. தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் நம் வகுப்பறைகளுக்கு வந்தார்கள். வந்த முதல் மாதத்திலேயே ஆயிரக்கணக்கான புதுச் சொற்களோடு உடற்கூறியல் நூலை அவர்கள் கையில் கொடுத்தோம். முதல் உள் தேர்வில் தடுக்கி விழுந்தபோது, 'தரம் குறைந்துவிட்டது' என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம். பாடத்திட்டத்தில் அடித்தளப் படிப்பு என்று ஒன்று இருக்கிறது, அதில் மொழிப் பயிற்சிக்கும் இடம் உண்டு. அதைப் பல இடங்களில் வரவேற்பு விழாவும் விளையாட்டுமாகக் கழித்துவிட்டோம்.

அதே பிள்ளையை வார்டில் பாருங்கள். "மேலுக்கு முடியலை", "நெஞ்சு கரிக்குது", "கிறுகிறுன்னு வருது", "கை கால் ஓஞ்சு போகுது" என்று நோயாளி சொன்னால், நகரத்து ஆங்கிலப் பள்ளி மாணவர் திகைத்து நிற்கும்போது இந்தப் பிள்ளை இரண்டாவது கேள்விக்குப் போய்விட்டிருக்கும். மாதவிலக்குத் தள்ளிப்போனதை ஒரு கிராமத்துப் பெண் எப்படிச் சொல்வார், எதைச் சொல்லாமல் விடுவார் என்று அதற்குத் தெரியும். அணிக் கற்றலில் குழுக்களைப் பிரிக்கும்போது இப்படிப்பட்டவர்களை எல்லா அணியிலும் கலந்து வையுங்கள். ஒருவர் ஆங்கில நூலைத் திறந்துகொடுப்பார், மற்றவர் நோயாளியைத் திறந்துகொடுப்பார். நம் தேர்வு முதலாமவருக்கு மட்டும் மதிப்பெண் தருகிறது.

தமிழில் மருத்துவம் படித்த மாணவர்கள் புதியவர்கள் அல்லர். 1847 இல் இலங்கைக்கு வந்து மறு ஆண்டு யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணி தொடங்கிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், முதலில் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசு உத்தியோகத்தை நாடிப் போய்விடும் நிலை இருந்தது. அவர் விரும்பியது ஊரிலேயே தங்கி வைத்தியம் பார்ப்பவர்களை. 1860களில் தமிழுக்கு மாறினார். மாணவர்களையே துணைக்கு வைத்துக்கொண்டு 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' முதலிய நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். படித்த பின் இந்த மாணவன் எங்கே உட்காரப் போகிறான் என்று யோசித்து, அதிலிருந்து பாடத்தைக் கட்டினார். பாட வடிவமைப்பு பற்றிய எந்தப் பயிலரங்குக்கும் அவர் போகவில்லை.

கடைசியாகத் தேர்வு. மாணவர்கள் பாடத்திட்டத்தைப் படிப்பதில்லை, தேர்வைத்தான் படிக்கிறார்கள். அதில் அவர்கள் மீது தப்பில்லை. மூன்றாம் ஆண்டிலிருந்தே நூலகத்தில் உட்கார்ந்து, மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்கான செயலியில் நாலு விடையில் ஒன்றைத் தட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையை வார்டுக்கு வரச் சொன்னால், 'வந்தால் என்ன கிடைக்கும்?' என்று கேட்கிறது. ரொனால்டு ஹார்டன் 1975 இல் ஸ்காட்லாந்தின் டண்டீயிலிருந்து ஆஸ்கி என்ற தேர்வு முறையை வெளியிட்டபோது அவர் நோக்கம் செய்வதைப் பார்ப்பதுதான். நிலையம் நிலையமாக மாணவர் நகர்வார், ஒவ்வொன்றிலும் ஏதாவது செய்வார், தேர்வாளர் பார்ப்பார். நம்மிடம் வந்ததும் அது சரிபார்ப்புப் பட்டியலாகச் சுருங்கிவிட்டது. 'தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார்: ஒரு மதிப்பெண்' என்று இருப்பதால், ரப்பர் பொம்மைக் கையைப் பார்த்து "வணக்கம் அம்மா, என் பெயர்..." என்று ஆரம்பிக்கும் மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. பட்டியல் போட்டது நாம்தான்.

பல்கலைக்கழகத் தேர்வில் லாங் கேஸ் இன்னும் இருக்கிறது. மாணவர் தனியாக நோயாளியைப் பார்க்கிறார், பிறகு தேர்வாளர் முன் நின்று ஒப்பிக்கிறார். இதில் ஒரே ஒரு மாற்றம் செய்யலாம். முதல் பத்து நிமிடம் ஒரு தேர்வாளர் அந்தப் படுக்கையருகே வாய் பேசாமல் நின்று பார்க்கட்டும், மதிப்பெண்ணில் கால் பங்கு அதற்கு ஒதுக்கட்டும். இதை ஒரு சுற்றறிக்கையில் எழுதினால், அடுத்த வாரமே நூலகத்தில் பாதி நாற்காலி காலியாகும், வார்டில் மாணவர்கள் ஆசிரியரைத் தேடி வந்து "சார், நான் செய்யறதைக் கொஞ்சம் பாருங்க" என்று நிற்பார்கள். வருகைப்பதிவேடு எதுவும் தேவைப்படாது.

இந்த அரங்கில் தேர்வு விதிகளை எழுதும் குழுக்களில் இருப்பவர்கள் சிலர் இருக்கிறீர்கள். அந்தச் சுற்றறிக்கை உங்கள் கையில் இருக்கிறது, அடுத்த கூட்டத்தில் எழுப்புங்கள். மற்ற ஆசிரியர்களிடம் நான் கேட்பது அதைவிடச் சிறியது. சுற்றறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம். உங்கள் யூனிட்டுக்குப் போஸ்டிங் வந்திருக்கும் மாணவர்களின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். போஸ்டிங் முடிவதற்குள் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே, எந்தத் தேதியில் எந்த நோயாளியிடம் அவரைப் பத்து நிமிடம் பார்த்தீர்கள், என்ன சொன்னீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத முடியாத பெயர்களின் லாக் புக்கில் கையெழுத்துப் போடாதீர்கள்.